காணியில்லாத கூத்து: கேமரன் மலைத் தோட்டங்களில் கலையும் பொதுப்பணமும்

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. இசைக்கருவிகளைப் பைகளிலிட்டு, பலாமரத்தில் காய்க்கொத்துத் தொங்குவதுபோலத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலைவழியே நடக்கும் கூத்தர் கூட்டத்திற்கு, நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் மற்றொரு கூத்தன் வழி கூறுவதாகப் பெருங்கௌசிகனார் அதனை 583 அடிகளில் பாடினார். எந்த இடம் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்தச் சிற்றூரில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. வகுப்பில் இதனை நடத்தும் ஆசிரியர்கள் இயற்கை வருணனையைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவ்வளவு விரிவாக வழி சொல்லவேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கூத்தன் இருந்த இடம் ஒன்று; பொருள் இருந்த இடம் வேறொன்று; இரண்டிற்கும் இடையே மலை இருந்தது.

சோழர் காலத்தில் இந்த இடைவெளியை நீக்க ஒரு வழி கண்டார்கள். கூத்தனைப் புரவலனிடம் நடக்கவிடாமல், கூத்து நிகழும் ஊரிலேயே அவனுக்கு நிலம் விட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பணிக்காக முதலாம் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டதைக் கல்வெட்டுக் கூறுகிறது. காமரசவல்லிக் கோயிலில் மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் சாக்கைக் கூத்து ஆடுவதற்கென முதலாம் இராசேந்திரன் காலத்தில் நிலம் விடப்பட்டது. அந்நிலத்திற்குச் சாக்கைக் காணி என்று பெயர். காணி என்னும் சொல் நிலத்தையும் குறிக்கும். அந்நிலத்தின்மேல் வழிவழியாக வரும் உரிமையையும் குறிக்கும். அரசன் மாறினாலும் காணி இருக்கும் வரையில் கூத்து இருக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையிலுள்ள தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர்க்கு இந்தக் காணி என்னும் சொல் கைவிளக்காகப் பயன்படும். எளிய மக்களின் கலைக்குப் பொதுப்பணம் சென்று சேரவேண்டும் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் கொள்கை. அப்பணம் மலைத்தோட்டத்திற்கு எந்த உருவில் வந்தது, எந்த உருவில் வரமுடியாமல் நின்றது என்று பார்த்தால், நிலம் யாருடையது என்ற ஒரே வினாவில் பாதி விடை அடங்கிவிடும்.

மலையின் வரலாறு நீண்டதன்று. 1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதியைக் கண்டு எழுதியதால் அவர் பெயர் இதற்கு வந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்தபின்தான் மலைவாசத்தலம் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரின் துணையோடு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய பெயர்களும் மலைத் தமிழர்க்கு ஊர்ப்பெயர் போலவே ஆயின. நிருவாகத்தில் இம்மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆயினும் நெடுங்காலம் இதற்கு இருந்த ஒரே பெருஞ்சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஏறியது. பகாங்கின் தலைநகரம் முதலில் கோலலிப்பிஸ், 1955 முதல் குவாந்தான். இவ்விரண்டில் எங்கிருந்து புறப்பட்டாலும் அலுவலர் அயல் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் மலைக்கு வரவேண்டும். நன்னன் காலத்து வழிச்சிக்கல் அவ்வளவு பழையதன்று போலும்!

தோட்டத்தில் குடியிருந்தவர்களுக்குத் தம்முடையது என்று சொல்ல ஓர் அடி மண்ணும் இல்லை. லயம் தோட்டத்துடையது, கோயில் நிற்கும் மேடு தோட்டத்துடையது, பள்ளி, ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், பந்தாடும் திடல் எல்லாம் அவ்வாறே. வேலை போனால் வீடும் போகும். இந்த நிலையில் கும்மியும் கோலாட்டமும் உறுமி மேளமும் மாரியம்மன் திருவிழா நாடகமும் மலாயாத் தோட்டங்களில் எவ்வாறு நடந்தன? சம்பள நாளில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்த கோயில் வரியால் நடந்தன. லயத்து மக்கள் பொதுப்பணம் என்று சொன்னது அந்த வரியைத்தான்.

தேயிலைத் தோட்டத்திற்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. இரப்பர் மரம் வெட்டுவோர் விடியுமுன் தொடங்கி நண்பகலை ஒட்டிப் பாலை நிறுத்துவிட்டு வீடு திரும்புவர். கொழுந்து பறிப்போர்க்கு அந்த வசதியில்லை; மாலையில் கூடையை நிறுத்த பின்னரே அவர்களுடைய பொழுது அவர்களுக்கு. ஒத்திகைக்கு இரவுதான் உண்டு. ஐயாயிரம் அடிக்கு அண்மையான உயரத்தில், மூடுபனியும் மழையும் கலந்த இரவில், சமவெளித் தோட்டத்தார் போலத் திறந்த வெளியில் திரை கட்டி விடியவிடிய ஆட முடியாது. கூரை வேண்டும். கூரைக்கு நிலம் வேண்டும். தோட்டத்தில் மக்கள் கூடத்தக்க கூரை எது என்றால், கோயிலுக்கு அடுத்தபடி பள்ளிக்கூடந்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதையும் நினைக்கவேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு முதலாளியைப் பணிக்க இடம் தந்தது. சட்டம் அரசினருடையது, இடமும் கட்டடமும் தோட்டத்தினுடையவை. சிறிய மானியம் பிள்ளைகளின் வருகையையும் தேர்வையும் பொறுத்து வந்தது. 1936-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937-இல் அறிக்கை வெளியிட்டார். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியுடன் தொழிலாளர் குடியேறுவதைத் தடை செய்தது. அதன்பின் தோட்ட மக்கள் வந்துபோகும் கூட்டமாக அல்லாமல் இம்மண்ணிலேயே பிறந்து வளரும் கூட்டமாக மாறத் தொடங்கினர். பள்ளிக்கூடத்தின் பொருளும் அத்துடன் மாறிற்று. பகலில் அரிச்சுவடி சொன்ன ஆசிரியரே இரவில் நாடகத்திற்கு வசனம் எழுதினார். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தால் அதுவும் அவர் தலையில் விழுந்தது. நாட்டுப்புறத்தில் அண்ணாவி செய்த வேலையைத் தோட்டத்தில் வாத்தியார் செய்தார்.

இங்கே ஒரு வேடிக்கையான நிதியையும் சொல்லாமல் போகலாகாது. சமவெளித் தோட்டங்களில் கள்ளுக்கடைகளின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று தனி நிதியாகச் சேர்த்து, விளையாட்டு, விழா முதலியவற்றிற்குச் செலவிடும் முறை இருந்தது. குடித்தவன் கொடுத்த காசில் குழந்தைகளுக்குப் பரிசுக் கோப்பை வாங்கியதென்றால் அஃது அரசின் கொடையா, தோட்டத்தின் கொடையா? தொழிலாளியின் கூலியே ஒரு வட்டம் சுற்றி, நடுவில் ஒருவரின் அனுமதியையும் வாங்கிக்கொண்டு, அவனிடமே பரிசாகத் திரும்பி வந்தது என்பதே சரியான கணக்கு.

அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து நேரே செலவிட்டுத் தோட்டத்திற்குள் காட்சிக் கலையைக் கொண்டுவந்தது போருக்குப் பின்னர்தான். 1946-இல் மலாயாப் படப்பிரிவு நிறுவப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், மின்னாக்கியும் திரையும் ஒலிபெருக்கியும் ஏற்றிய தகவல் இலாகா வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் ஓடின. படங்களுக்கு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் விளக்கவுரை சேர்த்தார்கள். பொதுவிடத்தில் கூடிக் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகளும் வந்தன. ஒரு காசும் கொடாமல் ஊரார் எல்லாரும் கூடிப் படம் பார்த்த இரவுகள் தோட்டத்தாருக்குத் திருவிழாவாகவே இருந்திருக்கவேண்டும். அந்தப் பணம் அவர்களுக்காகச் செலவானது மெய். ஆனால் அதன் நோக்கம் காட்டிலிருந்தவர்களிடமிருந்து மக்களைப் பிரித்து வைத்தல். வண்டியில் வந்த கலை மக்களைப் பார்வையாளராக உட்கார வைத்தது; அவர்கள் கையிலிருந்த உறுமிக்குத் தோல் மாற்றித் தர அதில் வழியில்லை. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததை ஒப்பிட்டால் தெளிவு கூடும். 1940-இல், போர் நடுவே, பில்கிரிம் அறநிதி தந்த 25,000 பவுனைக் கொண்டு இசை, கலை ஊக்குவிப்பு மன்றம் ஒன்று தொடங்கியது. அரசினரும் பணம் சேர்த்தனர். ஓல்ட் விக் நாடகக் குழு தென் வேல்ஸ் சுரங்க ஊர்களுக்குச் சென்று ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை நடித்தது. தொழிற்சாலைகளில் உணவு வேளையில் இசை நிகழ்ந்தது. சுரங்கத் தொழிலாளியின் ஊர்க் கூடத்தில் நல்ல நாடகம் நடக்கவேண்டும் என்று ஓர் அரசு பணம் ஒதுக்கியது புதுமைதான். 1946-இல் அம்மன்றம் அரச சாசனம் பெற்றுக் கலை மன்றமாயிற்று. உயர்ந்த தரம் என்ற கோட்பாடு மேலோங்கவே, பணத்தின் பெரும்பகுதி இலண்டன் ஆபராவையும் பெருங்குழுக்களையும் நாடிற்று. 1950களின் நடுப்பகுதியில் வட்டார அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊர் தேடிச் சென்ற பணம் தலைநகருக்குத் திரும்பிவிடும் இயல்பு மலாயாவுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

மலாயாவில் விடுதலைக்குப் பின் வந்த மாறுதல் பெரிது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகியவற்றின் வழியே தமிழ்ப்பள்ளி நாட்டுக் கல்வி முறைக்குள் வந்தது. 1957-இல் நாட்டில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம், பயிற்சி, பணிப் பாதுகாப்பு என்பனவெல்லாம் கிடைத்தன. கட்டடத்தின் கதை வேறு. தனியார் நிலத்தில் நிற்கும் தோட்டப் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி என்று வகுக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளம் வரும். கட்டடத்திற்கான முதலீட்டுச் செலவு முழு உதவி பெறும் பள்ளிக்குப் போல வராது. அண்மைக் காலத்தில் சிறப்பு ஒதுக்கீடுகள் பல வந்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. ஆயினும் அரை நூற்றாண்டு அந்தக் கோடு அப்படியே நின்றது. மண்டபம் கட்டவேண்டிய பணம் நிலப்பட்டாவைக் கேட்டது. பட்டா தோட்டத்தின் அலமாரியில் இருந்தது.

ஆகவே சம்பளமாக வரும் பொதுப்பணம் தோட்ட எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. செங்கல்லாக வரும் பொதுப்பணம் எல்லையில் நின்றது. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. தோட்டத்துக் கலைக்கு அரசாங்கம் அளித்த மிகப் பெரிய, இடையறாத மானியம் தமிழாசிரியரின் மாதச் சம்பளமே. எந்த இலாகாவின் கணக்கிலும் அது கலைச் செலவு என்று எழுதப்படவில்லை. பள்ளி முடிந்தபின் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் கோலாட்டம் பழக்கிய மணிகள் கால அட்டவணையில் இல்லை. எழுதாததால் அதனைக் குறைத்தாரும் இல்லை, கூட்டினாரும் இல்லை.

1964-இல் பண்பாட்டுக்கென ஓர் அமைச்சு தோன்றியது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாட்டிலிருந்து மூன்று கோட்பாடுகள் பிறந்தன. இவ்வட்டாரத்து மண்ணின் மக்களுடைய பண்பாடு அடிப்படை. ஏனைய பண்பாடுகளின் ஏற்ற கூறுகளை ஏற்கலாம். இசுலாம் முக்கியக் கூறு என்பன அவை. 1983-இல் சீனர் அமைப்புகளும் 1984-இல் இந்தியர் அமைப்புகளும் தங்கள் கருத்தை விண்ணப்பமாக அளித்தன. அந்த வாதம் பலராலும் எழுதப்பட்டுள்ளது, இங்கு விரிக்கவேண்டியதில்லை. தோட்டத்தைப் பொறுத்தமட்டில் கொள்கையைவிடப் படிவமே பெரிய தடை. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவு, அலுவலக முகவரி, வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு ஆகியவை ஒரு சங்கத்திடம் கேட்கப்படுவது முறையே. ஆனால் லயத்தில் குடியிருப்பவர்கள் எந்த முகவரியைக் கொடுப்பார்கள்? இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை மணிமன்றங்கள். தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த அவ்வியக்கம், தோட்டந்தோறும் கிளை வைத்துப் பேச்சுப் போட்டியும் நாடகமும் நடத்தியது. 1952-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளும் அவ்வாறே தோட்டத்து மேடைகளை உயிர்ப்பித்தது. அவற்றுக்கு ஆகிய செலவு மக்களின் நன்கொடை.

தொழிலாளர் தம் பணத்தில் ஓர் அரங்கத்தையே அடைந்த வரலாறும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோர் மாதந்தோறும் செலுத்திய பங்குப் பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. காணியில்லாதார் கூடிக் காணி வாங்கிய செயல் அது. அச்சங்கத்தின் கோலாலம்பூர்க் கட்டடத்திலுள்ள சோமா அரங்கம் இன்று தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு இல்லமாக இருக்கிறது. சங்கத்தின் வழியே தமிழ் நூல்களுக்குப் பரிசும் வழங்கப்பட்டு வருகிறது. பெருமைப்படத் தக்கது. ஆனால் மலைத்தோட்டத்திலிருந்து அந்த மேடைக்குப் போவதென்றால் தாப்பாச் சாலையில் இறங்கி அரைநாள் பயணம்.

இலங்கையிலும் தேயிலைமலைத் தமிழரின் அனுபவம் ஒத்ததே. 1952-இல் இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. அதன் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், கூத்தை இழிவாக எண்ணியிருந்த படித்தவர் மனத்தை மாற்றினார். அண்ணாவிமாரைப் போற்றி அழைத்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். பொதுப்பணத்தைக் கலைஞனின் கையிலேயே சேர்ப்பது எப்படி என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. அவருடைய முயற்சிக்கு ஊற்றாக இருந்தவை மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளின் கூத்துகள். அப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளரோ பெரும்பாலும் தங்கள் வரிப்பணத்தையே நம்பியிருந்தனர். அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து நூலாக்க உழைத்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947-இல் தோட்ட மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றவர். அங்கும் நிலமில்லாதார் கலைக்குத் துணை நின்றவை சங்கமும் கோயிலும் பள்ளியுமே.

இக்காலத்து நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் அமைந்த சென்டானா என்னும் பண்பாட்டுப் பொருளாதார மேம்பாட்டு நிறுவனம் கலைஞர்க்கு மானியம் அளிக்கிறது. அதன் தொடக்கப் பணி கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் முதன்மையாகக் கொண்டது. இந்தியர் மேம்பாட்டிற்கான மித்ரா பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்ற அளவில் ஒதுக்கீடு வந்தது. கல்வியும் பொருளாதாரமும் அதன் முதற் கவலைகள். தனியார் கொடையில் குறிப்பிடத்தக்கது போ நிறுவனத்தின் ஆதரவில் 2000களின் தொடக்கம் முதல் தலைநகரில் வழங்கப்பட்டு வந்த கேமரோனியன் கலை விருதுகள். மலையின் பெயரும் தேயிலையின் பெயரும் நாட்டின் நாடக, நடன, இசை மேடைகளில் ஒலிக்கக் காரணமானவை அவை. மலையிலோ கொழுந்து பறிக்கும் கைகளே மாறிவிட்டன. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் இன்று தோட்டங்களில் வேலை செய்கின்றனர். அவர்களுக்கும் பாட்டு உண்டு. அவர்களுக்கும் காணி இல்லை. தமிழ்க் குடும்பங்கள் குறையக் குறையப் பள்ளியில் பிள்ளைகளும் குறைகின்றனர்.

150-க்குக் குறைந்த மாணவரையுடைய பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. தோட்டத்தில் பிள்ளையில்லாத பள்ளியை மக்கள் பெருகிய நகர்ப்புறத்திற்கு மாற்றுவது கல்விக் கணக்கில் நியாயமான செயல். ஆனால் அவ்வாறு மாற்றும் நாளில், தோட்டத்தில் எஞ்சியிருப்போர் இழப்பது வகுப்பறையை மட்டுமன்று. மழை நனைக்காத ஒரே மேடையும், பாட்டு எழுதத் தெரிந்த ஒரே அரசாங்க ஊழியரும் அன்றே போய்விடுகின்றனர். அந்த இழப்பைப் பற்றி எவரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. கலைச் செலவு என்று ஒருநாளும் பெயர் பெறாத செலவு நின்றுபோனால், நின்றதென்று காட்டக் கணக்கில் வரியேது?

கணக்கு முற்றிலும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பழைய தோட்டப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அன்றாடம் எழுதிய குறிப்பேடு உண்டு. பெற்றோர் தினத்தில் என்ன நாடகம், யார் தலைமை, மழையால் எந்த ஒத்திகை நின்றது, மேடைக்குப் பலகை யார் தந்தார் என்பன அதில் ஓரிரு வரியாகக் கிடக்கும். கோயில் நிருவாகத்தின் வரவு செலவு நோட்டில் மேளக்காரர்க்கு எவ்வளவு, வேடத்துணி வாடகை எவ்வளவு என்று இருக்கும். நாடகம் எழுதிய நாற்பது பக்கப் பயிற்சிப் புத்தகங்கள் யாருடைய பெட்டியிலோ இருக்கும். கல்வெட்டில் பொறித்த சாக்கைக் காணி ஆயிரம் ஆண்டு நின்றது. இவை கரையானுக்கு ஐந்தாண்டு தாங்கா. பள்ளி இடம் மாறும்போது நாற்காலி, மேசை, கரும்பலகைக்கு இருப்புப் பட்டியல் எடுக்கிறார்கள். அப்பட்டியலில் குறிப்பேடுகளையும் நாடகப் புத்தகங்களையும் முதல் வரியாகச் சேர்த்து, ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு அனுப்புவதற்கு நிலப்பட்டா எதுவும் வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் கையெழுத்துப் போதும்.